பேயாண்டி கட்டிய பார்ப்போம் மிஷின்

என் மச்சினன் பேயாண்டியைக் கிறுக்கன் என்று வேறு யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதைச் சொல்லும் உரிமை இந்த அவனியாபுரத்திலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் உண்டு. அவன் அக்காள் சோலையம்மாளைக் கட்டி, கூடவே அவனையும் சீதனமாக வாங்கிக்கொண்டவன் நான். பேர் மலையாண்டி. மதுரைக்கும் மேலூருக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ" என்று கத்துகிற தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். என்ன செய்ய?

பேயாண்டிக்கு மோட்டார் வைண்டிங் தொழில். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சுற்றுப்பட்டு ஊர்களில் கிணற்று மோட்டார் கருகினால் வண்டியில் ஏற்றி அவனிடம்தான் கொண்டுவருவார்கள். மூடியைக் கழற்றுமுன் மோந்து பார்த்தே "மூணாவது காயில் போச்சு" என்பான். கழற்றினால் மூன்றாவது கம்பிச் சுருள்தான் கருகியிருக்கும். தொழிலில் அப்படிச் சூரன். மற்றபடி நேரத்துக்குச் சாப்பிட, நாலு பேரிடம் முகம் கொடுத்துப் பேச, ஒரு காரியத்தைக் கேட்டு வாங்க, ஆள் சுத்த மக்கு. சின்ன வயதிலேயே அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியவர்கள் என்று அவனுக்கு இருந்தது நானும் என் பெண்டாட்டியும்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்ட வசதியாக இருக்கும்.

எழுபத்தெட்டாம் வருசம் ஆவணி மாதம் அவனுக்குப் பெண் கேட்டுப் போனோம். பெண் வெளியில் இல்லை. கீழக்குயில்குடியில் இருக்கும் தாய்மாமன் நல்லகாமனின் மகள் சீனியம்மாள்தான். முறைப்பெண். அப்போது அவளுக்குப் பதினெட்டு, இவனுக்கு இருபத்தாறு. அவள் பெயரைச் சொன்னாலே இவன் கையில் இருக்கும் ஸ்பேனர் கீழே விழும். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. நான், என் பெண்டாட்டி, பேயாண்டி, எங்கள் தெருவில் இருந்து ரெண்டு பெரியவர்கள், ஆக அஞ்சு பேர். வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்த தட்டை நான்தான் தூக்கிப் போனேன்.

"பொண்ணக் கேட்டு வந்திருக்கோம் சித்தப்பா," என்றேன்.

நல்லகாமன் உத்தரத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"பார்ப்போம்ப்பா," என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மழை, நெல், கண்மாய்த் தண்ணீர் என்று பேச்சு போய்விட்டது. கடையில் இருந்து கலர் சோடா வாங்கி வரச் சொல்லி ஆளுக்கொரு பாட்டிலாகக் கொடுத்தார். கொடுத்து வந்ததில் ஒன்று குறைந்தது. எனக்கு என்ன வந்தது தெரியுமா? மோர்! தட்டுத் தூக்கி வந்தவனுக்கு, மாப்பிள்ளையின் அக்காள் புருசனுக்கு, ஒரு நாள் லீவு போட்டு வந்தவனுக்கு மோர்! வெயிலுக்கு மோர் நல்லதுதானே என்றாள் என் பெண்டாட்டி. அவளுக்கென்ன, அவள் கையில் ஆரஞ்சுக் கலர் இருந்தது.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நான் மீசையை முறுக்கினேன். "மாப்ள, இனிமே இந்த வாசப்படிய நாம மிதிக்கப்படாது. வேணும்னா அவுகளா ஆள் அனுப்பட்டும்."

"அப்ப மாமா சொன்னாரே, பார்ப்போம்னு. அதுக்கு என்ன மச்சான் அர்த்தம்? ஆமாங்கிறாரா, இல்லங்கிறாரா?"

"அத அவரு நாக்கத்தான் கேக்கணும்."

அவன் வீடு வரும்வரை விரலால் தொடையில் எதையோ எழுதிக்கொண்டே வந்தான். கிறுக்கு பிடித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சித்திரையில் தமுக்கத்துப் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே ஒரு கடையில் கம்ப்யூட்டர் என்று ஒரு பெட்டியை வைத்திருந்தார்கள். டை கட்டிய ஒருத்தர் சீட்டில் கேள்வி எழுதி வாங்கி, ஏதோ பொத்தானைத் தட்டுவார். ஆம் என்றோ இல்லை என்றோ பெட்டி விளக்குப் போடும். அப்பளம் வாங்குவதற்கு நின்றதைவிட அங்கே பெரிய வரிசை. எங்கள் முறை வந்ததும் பேயாண்டி கேள்வியே கேட்கவில்லை.

"இது உள்ள எப்படி சார் யோசிக்குது?"

"எல்லாமே ஒன்று, சைபர். சுவிட்ச் போட்டிருக்கு, போடல. அவ்வளவுதான் அடிப்படை. இத வச்சே உலகத்துல எல்லாத்தையும் கணக்குப் போட்டுரும்."

"சுவிட்ச் அங்கிட்டும் போகாம இங்கிட்டும் போகாம நடுவுல நின்னா?"

"அப்படி நிக்காது."

"நின்னா?"

"நின்னா ரிப்பேர்னு அர்த்தம்."

"எங்க மாமா எட்டு மாசமா அப்படித்தான் சார் நிக்கிறாரு. நல்லாத்தான் சாப்பிடுறாரு. ரிப்பேர்னு எப்படிச் சொல்றது?"

வரிசையே சிரித்தது. டை கட்டியவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு மானம் போனது. இவனைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தேன். இவனுக்கோ முகமெல்லாம் வெளிச்சம்.

"மச்சான், இவுக அஸ்திவாரத்துலயே தப்புப் பண்ணிட்டாக."

"யாருடா?"

"கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சவுக. சுவிட்சுல இருந்து ஆரம்பிச்சிட்டாக. சுவிட்சு பட்டறையில செய்யிற சாமான். அறிவு பட்டறையிலயா வருது? நீங்களே சொல்லுங்க, பஸ்ஸுல டிக்கெட்டுன்னு கேட்டா எத்தன பேரு உடனே எடுக்குறான்? எத்தன பேரு எடுக்க மாட்டேங்குறான்?"

யோசித்துப் பார்த்தேன். "முக்காவாசிப் பேரு 'இருப்பா'ங்குறான்."

"அதான்! அந்த 'இருப்பா'தான் மச்சான் அஸ்திவாரம். மனுசன் மனசு முக்காவாசி நேரம் நடுவுலதான் நிக்கிது. ஆமாங்கிறதும் இல்லங்கிறதும் அது எப்பவாச்சும் போய் ஒக்காருற எடம். நடுவுல நிக்கத் தெரியாத மிஷினுக்கு மனுசன் பேசுறது எப்படி வெளங்கும்? நான் வேற மாதிரி ஒண்ணு கட்டப் போறேன்."

"என்னத்தையாவது கட்டு. மொத பஸ்ஸப் பிடி," என்றேன்.

சும்மா சொல்கிறான் என்று நினைத்தது என் தப்பு. மறுநாளே ஒரு நோட்டு வாங்கினான். ஊரில் யார் எங்கே பார்ப்போம் என்று சொன்னாலும் அதை எழுத வேண்டும், எப்படிச் சொன்னார்கள், சொல்லும்போது கை என்ன செய்தது, சொன்ன பிறகு காரியம் நடந்ததா என்று எழுத வேண்டும். பஸ்ஸில் கேட்டு வந்து சொல்ல வேண்டியது என் பொறுப்பு. திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நாளில் எனக்கே ருசி தட்டிவிட்டது. மேலூர்ச் சந்தையில் ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டே பார்ப்போம் என்று சொல்கிறவன் வாங்கிவிடுவான். காதை விட்டுவிட்டுச் சொன்னால் வாங்க மாட்டான். செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னால் அடியோடு இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னால் பாதிக்கு மேல் ஆமாம். ஆபீசில் பேனாவை மூடிக்கொண்டே சொன்னால் அது பதிலே இல்லை, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒரு வருசத்தில் அறுபத்தொரு வகை சேர்ந்தது. துண்டை உதறி மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டு சொல்கிற வகை மட்டும் பேயாண்டிக்குப் பிடிபடவே இல்லை. அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தான்.

பிறகு மிஷின் எழும்பியது. ஆறடிப் பலகை. அதில் பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகளில் இருந்து கழற்றிய காயில்கள், ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு தகடு தொங்கும். அதற்கு நாக்கு என்று பேர் வைத்தான். இடது காயில் இழுத்தால் இல்லை, சிவப்பு பல்பு. வலது காயில் இழுத்தால் ஆமாம், பச்சை பல்பு. ரெண்டும் சமமாக இழுத்தால் நாக்கு நடுவிலேயே நின்று நடுங்கும். மஞ்சள் பல்பு எரியும். அதுதான் பார்ப்போம். எத்தனை வேகமாக நடுங்குகிறது என்பதை வைத்து அது எந்த வகைப் பார்ப்போம் என்று கண்டுபிடிப்பானாம். அந்த ஒரு நாக்கின் நடுக்கம் அடுத்த ஜோடிக்குப் போகும், அது அதற்கடுத்ததற்குப் போகும். இப்படி நாற்பத்து மூன்று நாக்கு. லாரி பாட்டரியில் கம்பியைக் கொடுத்தால் கொட்டகை முழுக்க வண்டு ரீங்காரம்.

"கணக்குப் போடுமாடா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னா நாலுன்னு சொல்லும். ஆனா ஒடனே சொல்லாது. எதுக்குக் கேக்குறீகன்னு யோசிச்சிட்டுத்தான் சொல்லும்."

"நாசமாப் போச்சு. எங்க முதலாளியும் அப்படித்தான்."

அதோடு விட்டானா? ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "மச்சான், அறிவுன்னா ரோசம் வேணும். சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேட்டா மனுசனுக்குக் கோவம் வருதுல்ல? கோவமே வராதது என்ன அறிவு?" என்று சொல்லிவிட்டு, மோட்டார் சூடானால் தானாகவே கட் ஆகும் சாமானைக் கொண்டுவந்து மிஷினில் பொருத்திவிட்டான். நான் வேண்டுமென்றே ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை 'டப்' என்று அணைந்துபோனது. அரை மணி நேரம் என்ன தட்டியும் எரியவில்லை. ஆத்தாடி, எங்கள் குடும்பத்து ரோசம் அப்படியே இறங்கியிருந்தது.

இதெல்லாம் எதற்கு? ஒரே ஒரு கேள்விக்குத்தான். நல்லகாமன் பெண் கொடுப்பாரா, மாட்டாரா? அன்றைக்கு அவர் உத்தரத்தைப் பார்த்தது, துண்டை உதறியது, கலர் வாங்கிக் கொடுத்தது, வாசல்வரை வந்து வழியனுப்பியது, சுவரில் பல்லி கத்தியது எல்லாவற்றையும் கம்பி கம்பியாக அதில் ஏற்றியிருந்தான். எனக்கு மோர் கொடுத்ததை ஏற்ற வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். அதையும் ஏற்றினான். ராத்திரி பகலாக நாக்குகளைத் திருகி, எடையைக் கூட்டிக் குறைத்து, பாட்டரியைக் கொடுப்பான். ஒவ்வொரு தடவையும் எரிவது மஞ்சள்.

"இதுக்கு ஒங்க மாமனையே பலகையில கட்டித் தொங்க விட்டிருக்கலாமேடா. செலவு மிச்சம்," என்றேன்.

எண்பத்திரண்டில் ஒரு காலேஜ் வாத்தியார் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கொடுக்க வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு நகரவில்லை. ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். மூன்று நிலை வைத்து வெளிநாட்டில் யோசித்தவர்கள் உண்டு என்றும், ஆனால் நடுவில் நிற்பதிலேயே இத்தனை வகை பிரிக்கிற ஆளை இங்கேதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். எனக்கு நெஞ்சு விரிந்தது. போகும்போதுதான் ஒரு கேள்வி போட்டார்.

"இதுக்குள்ள இருக்கிற விவரமெல்லாம் யாரு குடுத்தது?"

"நான்தான் சார்."

"அப்ப உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இதுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

பேயாண்டி மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தான். நாலாம் நாள் எழுந்து வந்து சொன்னான். "மச்சான், வாத்தியாரு சொன்னது நிசம். மிஷின் தானே போய்க் கேக்கணும். கேக்கத் தெரியாதது அறிவே இல்ல." சொல்லிவிட்டு அதற்குச் சக்கரம் மாட்டலாமா என்று அளவெடுக்க ஆரம்பித்தான். கீழக்குயில்குடிக்கு மிஷின் போய்க் கேட்கலாம், நாங்கள் போகக்கூடாது. எங்கள் வைராக்கியம் அப்படி. அன்றைக்கு இதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. வருசா வருசம் ஆடி மாதம் நல்லகாமனின் கிணற்று மோட்டார் மாட்டுவண்டியில் வந்து இறங்கும். "ஓடல, பாக்கச் சொன்னாரு" என்று வண்டிக்காரன் சொல்வான். பேயாண்டி பிரிப்பான், மோந்து பார்ப்பான், ஓட்டிப் பார்ப்பான். நன்றாக ஓடும். 'கோளாறு இல்லை' என்று சீட்டு எழுதி அதே வண்டியில் திருப்பி அனுப்புவான். "நானே போயி மாட்டிக் குடுத்துட்டு வரவா மச்சான்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். "போனா இந்த வீட்டுப் பக்கம் திரும்பி வராத," என்று ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன்.

அங்கே சீனியம்மாள் பால்வாடியில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். வெளியில் இருந்தும் கேட்டு வந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை, மேலூரில் நெல் வியாபாரி ஒருத்தன். "முறைகாரன் இருக்கான்" என்று சொல்லி நல்லகாமன் அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. முறைமாப்பிள்ளை வேண்டாம் என்று வாயால் சொல்லாதவரை அந்தப் பெண்ணை வேறிடத்தில் கொடுக்க மாட்டார்கள். இவன் விடவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை.

"அந்தப் பிள்ளைக்கு வயசு ஏறுது. நீங்க ரெண்டு பேரும் இங்க பலகையில பல்பு மாட்டிக்கிட்டிருக்கீக. கட்டைல போற மோர இன்னும் எத்தன வருசத்துக்குக் குடிப்பீக?" என்பாள் சோலையம்மாள்.

"அவுகளா ஆள் அனுப்பட்டும்," என்பேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி நான்தான்.

எண்பத்து நாலு ஐப்பசியில் என் கடைசிப் பையன் முத்துக்கருப்பனுக்குக் காதுகுத்து வைத்தோம். வீட்டோடு சின்ன விசேஷம். என்னைக் கேட்காமலேயே சோலையம்மாள் கீழக்குயில்குடிக்குப் போய் அழைத்துவிட்டு வந்திருந்தாள். நல்லகாமன் மகளோடு வந்து இறங்கினார். நான் வாங்க என்று சொல்லி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது குத்தத் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். ஆசாரி வந்தாயிற்று, பலகை போட்டாயிற்று. தாய்மாமனைக் காணவில்லை.

"எங்க போயிருப்பான்? அந்த மிஷினக் கட்டிக்கிட்டுத்தான் அழுவான்," என்று நான் கொட்டகைக்கு நடந்தேன். நல்லகாமன் கூடவே வந்தார். சீனியம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நல்ல நேரம் போகிறதே என்று ஆசாரியும் ஊசிப் பெட்டியோடு வந்துவிட்டார்.

கொட்டகையில் வண்டு ரீங்காரம். பேயாண்டி குனிந்தபடியே, "ஒரு நிமிசம் மச்சான், இன்னைக்குப் பதில் வந்துரும்," என்றான். நிமிர்ந்து மாமனைப் பார்த்தான். கையில் இருந்த ஸ்பேனர் விழுந்தது.

"என்னய்யா மருமகனே, ஆசாரி காத்துக்கிட்டிருக்காரு. இங்க என்ன ரேடியோ ரிப்பேரா?"

"ரேடியோ இல்ல மாமா."

"பெறகு?"

அவனுக்குப் பொய் வராது. "நீங்க ஆறு வருசத்துக்கு முன்னாடி பார்ப்போம்னு சொன்னீகள்ல? அதுக்கு என்ன அர்த்தம்னு கண்டுபிடிக்கிற மிஷினு. ஊருல கேட்டு அறுபத்தோரு வகப் பார்ப்போம் எழுதிச் சேத்திருக்கேன்."

நல்லகாமன் பக்கத்தில் கிடந்த ஒரு பழைய மோட்டாரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பலகையை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இம்புட்டுமா?"

"ஆமா மாமா."

"அட கிறுக்குப் பயலே, எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானே! கீழக்குயில்குடி என்ன கொழும்புலயா இருக்கு? பொட்டப்பிள்ளயப் பெத்தவன், கேட்டு வந்த அன்னைக்கே இந்தா பிடின்னு குடுத்தா ஊரு என்ன பேசும்? பிள்ளைக்கு என்ன கொறையோன்னு பேச மாட்டான்? பார்ப்போம்னா மறுக்கா ஒருக்கா வாங்கன்னு அர்த்தம்யா! ரெண்டாந்தடவ வந்திருந்தா தட்டு மாத்திருப்பேன். இது கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

பேயாண்டி கீழே விழுந்த ஸ்பேனரைக் குனிந்து எடுத்தான்.

"நல்லா ஓடுற மோட்டார வருசா வருசம் கழட்டி அனுப்புறேன். மாட்ட வரும்போதாவது வாயத் தொறந்து கேப்பான்னு. கோளாறு இல்லைன்னு சீட்டு எழுதி அனுப்புறான்! கோளாறு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அதக் கழட்டுனதே நான்தானேய்யா!"

ஆசாரி முதலில் சிரித்தார். பிறகு எல்லாருமாக என் பக்கம் திரும்பினார்கள். ரெண்டாவது தடவை போக வேண்டும் என்று தெரிந்த பெரிய மனுசன் அந்தக் கொட்டகையில் நான் ஒருத்தன்தானே.

"ஏன் கண்டக்டர் தம்பி, நீ ஏன் மறுக்காக் கூட்டிட்டு வரல?"

ஆறு வருசமாக அடைகாத்ததைக் கொட்டினேன். "எல்லாத்துக்கும் கலர் குடுத்தீக. எனக்கு மோர் குடுத்தீக."

"மோரா?" அவருக்கு ஞாபகமே இல்லை. நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "கலர் ஒண்ணு கொறஞ்சுச்சோ என்னமோ. நம்ம பயதானே, வீட்டு ஆளுதானேன்னு மோரக் குடுத்திருப்பேன். வெளியாளுக்கா குடுக்க முடியும்?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததாவது ஒரு கணக்கு. நான் அந்த வெண்ணெயையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். நல்லகாமனும் சிரித்தார். பேயாண்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஆம்பிளைகள் நாலு பேருமாக அப்படிச் சிரித்தோம்.

"போனது போகட்டும். தையில வச்சுக்குவோம்," என்றார் நல்லகாமன்.

"தையில எனக்கு லீவு கெடைக்கும்," என்றேன் நான்.

அந்த நேரத்தில் கருகல் வாடை அடித்தது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்ததை மறந்துவிட்டோம். பேயாண்டி ஓடிப்போய்ப் பாட்டரிக் கம்பியைப் பிடுங்கினான். நடு வரிசையில் இருந்து ஒரு நாக்கைக் குறடால் உருவி எடுத்தான். அதுவரை ஒரு வார்த்தை பேசாத சீனியம்மாள், பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"ஏன் இது மட்டும் இம்புட்டுக் கருப்பா இருக்கு?"

"ரெண்டு பக்கமும் இழுக்குதுல்ல. எங்கிட்டும் போயி ஒட்ட முடியாது. நடுவுல நின்னு நடுங்கிக்கிட்டே இருக்கும். நடுங்க நடுங்கப் பொறி பறந்து கருகிப் போகும்."

"இழுக்குற காயிலுக?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. நடுவுல நிக்கிறதுதான் போகும்."

"எத்தன நாள் தாங்கும்?"

"மூணு நாள். மிஞ்சிப் போனா நாலு நாள். அதுக்கு மேல எந்தத் தகடும் தாங்காது."

"நான் ஆறு வருசம் தாங்கிட்டேன்," என்றாள் சீனியம்மாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள்.

"பார்ப்போம்னு சொன்னவுகளுக்கும் ஒண்ணும் ஆகல. அர்த்தம் தேடுனவுகளுக்கும் ஒண்ணும் ஆகல. மோர் குடிச்ச அண்ணனுக்கும் ஒண்ணும் ஆகல. தெருவுல போறவ வாரவ எல்லாம் எங்கிட்டத்தான் கேட்டா, இன்னும் ஆகலையாடின்னு. அறுபத்தோரு வக எழுதுனீகளாமே, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டீகளா? இப்பவும் பாருங்க, தையில வச்சுக்குவோம்னு நீங்களே கேட்டு நீங்களே சொல்லிக்கிறீக."

நல்லகாமன் தலையைக் குனிந்துகொண்டார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஆசாரியின் ஊசிப் பெட்டியைப் பார்த்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

பேயாண்டி கருகிய தகட்டைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"தப்புத்தான் சீனி. இப்பக் கேக்குறேன். என்னயக் கட்டிக்கிறியா? வேணாம்னா வேணாம்னு சொல்லு. இந்த நிமிசமே முறைய விட்டுத்தாரேன். ஒனக்குப் பிடிச்ச எடத்துல மாமா குடுக்கட்டும். நானே முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன்."

"கட்டிக்கிறேன்," என்றாள்.

ஒரு டிக்கெட் கிழிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிசம் இருக்கு," என்று ஆசாரி மெதுவாகச் சொன்னார். அங்கேயே, நல்லகாமன் எழுந்து இடம் விட்ட மோட்டாரின் மேல் பேயாண்டி உட்கார்ந்தான். சீனியம்மாள் பிள்ளையை அவன் மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை இறக்கினார். பிள்ளை அழவில்லை. அண்ணாந்து தாய்மாமன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய ஆள் அப்படித் தேம்பித் தேம்பி அழுவதை அவன் அதுவரை பார்த்ததில்லை.